அம்பாசிடர் மேனிஃபோல்டுக்கு ஹீட் ராப் சுற்றலாமா?

வேலூர் வெயிலில் பெட்ரோல் அம்பாசிடர். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடியில் அணைத்து, கால் மணி கழித்துத் திருகினால் கிளம்பாது. அணைத்த உடனே திருகினால் கிளம்பும். துப்பே இதுதான், கவனிக்கவில்லை. பிளக், காயில், கண்டன்சர், பெட்ரோல் பம்ப் என்று நாலு நாள் வீண்.

சூடுதான் காரணமோ என்று அடுத்து ஹீட் ராப், அதாவது சூட்டைத் தடுக்கச் சுற்றும் நாடா. 2 அங்குல நாடா வாங்கியும் சுற்றவில்லை. இது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்). சுற்றினால் சூடு உள்ளேயே தங்கி விரிசல் விடலாம், மழைக்கு ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். வால்வு கவர் பேக்கிங் கசிகிற வண்டியென்றால் நினைக்கவே கூடாது: ஆயில் ஊறிய நாடா தீப்பிடிக்கும்.

இந்த எஞ்சினில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் இன்டேக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். அணைத்ததும் ஃபேன் காற்று நின்று, சூடு மேலேறி கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால், அடியில் சூட்டைத் தடுக்க இருக்கவேண்டிய பேகலைட் கட்டையைக் காணோம்! வெறும் பேப்பர் பேக்கிங். கட்டை, இருபுறமும் புது பேக்கிங், கூடவே ஒரு தகரத் தடுப்பு போட்டதும் தீர்ந்தது. கட்டையின் கனத்துக்கு ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி) நீளம் போதுமா என்று முதலில் பாருங்கள். நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஃபிளாஞ்ச் (கார்புரேட்டரின் அடி விளிம்பு) வளையும்.

கட்டை கிடைக்கும்வரை, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் எடுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.