இன்னும் பேசாத குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு படப்புத்தகம்: செய்வதும், அதை வைத்துப் பேசுவதும்

எங்கள் சின்னவனுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது அவனிடம் இருந்தவை ஐந்தே சொற்கள். அம்மா, தாத்தாவுக்கு 'த்தா', காக்காவுக்கு 'க்கா', 'வேணா', அப்புறம் 'ப்பா'. அந்த 'ப்பா' அப்பாவுக்கும் பாலுக்கும் பொது. நாம் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. "தாத்தா செருப்பை எடுத்துட்டு வா" என்றால் ஓடிப்போய் எடுத்து வருவான். பேச்சு மட்டும்தான் வரவில்லை. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுத்த நான்கு மாதங்களில் எங்கள் வீட்டில் எது பலன் தந்ததோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது

குழந்தை கூப்பிட்டால் திரும்புகிறது, டிவி சத்தத்துக்கு ஓடிவருகிறது என்பதற்காகக் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். சளியால் நடுக்காதில் நீர் கோத்தும் இருக்கலாம். ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதில்லை, முன்பு பேசிய சொற்கள் நின்றுவிட்டன என்றால் முதலில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேண்டியிருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. உங்கள் அங்கன்வாடி ஆசிரியரிடமே கேட்கலாம். இந்தப் படப்புத்தகம் வீட்டில் செய்கிற வேலை, மருத்துவத்துக்கு மாற்று இல்லை.

படி 1: படம் எடுப்பது

கடையில் விற்கும் படப்புத்தகங்களில் ஆப்பிள், சிங்கம், கப்பல் எல்லாம் இருக்கும். என் பையன் கப்பலைப் பார்த்ததே இல்லை. அதனால் எங்கள் வீட்டில் இருப்பவற்றையே போனில் படம் எடுத்தேன். தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, குக்கர், மின்விசிறி, பால் பாக்கெட், கைப்பிடிச் சுவரில் உட்காரும் காக்கா, எதிர்வீட்டு ஆடு, அத்தையின் (என் மாமியார்) வெற்றிலைப் பெட்டி, அவன் செருப்பு, அப்பாவின் வண்டி. பன்னிரண்டு படம் போதும். ஒரு படத்தில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். பின்னால் வெறும் சுவரோ தரையோ இருக்கட்டும். குக்கரை அடுப்பு மேடையிலேயே வைத்து எடுத்தபோது அவன் பின்னால் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைத்தான் தொட்டுக்கொண்டிருந்தான். திரும்ப எடுத்தேன்.

படி 2: புத்தகமாக்குவது

போட்டோ கடையில் 4×6 அளவில் பிரிண்ட் போட்டு, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்யுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்கள், ஒட்ட வெட்டினால் எச்சில் உள்ளே இறங்கிவிடும். மூலைகளை நகவெட்டியால் வளைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணில் குத்தும். ஸ்பைரல் பைண்டிங் வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாளே கம்பியை உருவி வாயில் வைத்துவிட்டான். ஒரே ஒரு துளை போட்டு, கெட்டியான பருத்திக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போடுவதுதான் என் தேர்வு. படம் மாற்றவும் எளிது. கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். காட்டாதீர்கள். போனில் அவன் படத்தைத் தள்ளுவதில்தான் குறியாக இருப்பான். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

படி 3: எப்போது, எப்படி உட்காருவது

சாப்பிட்டு முடித்த பிறகு, தூக்கம் வருவதற்கு முன்பு. ஐந்து நிமிடம். மடியில் வைத்துக்கொண்டால் அவன் முகம் நமக்குத் தெரியாது, நம் வாய் அவனுக்குத் தெரியாது. எதிரே உட்காருங்கள், அல்லது தரையில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பது அவன் விருப்பம். ஆட்டுப் படத்தையே ஆறு முறை பார்த்தால் ஆறு முறையும் ஆடுதான்.

படி 4: காத்திருப்பது

நான் தடுக்கிய இடம் இது. முதல் வாரம் முழுக்க, "இது என்ன? சொல்லு. கண்ணாடி! கண்ணாடி சொல்லு, எங்க சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து புத்தகத்தைக் கண்டாலே எழுந்து போனான். ஒரு நாள் என் கணவர் நாங்கள் உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்தார். இரவு அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் கேட்கிறேன், அடுத்த மூச்சில் நானே பதிலும் சொல்கிறேன். நடுவில் பையனுடைய வாய் லேசாகத் திறக்கிறது. நான் பேசத் தொடங்கியதும் மூடிக்கொள்கிறது. இது ஒரு தடவை அல்ல. அந்த மூன்று நிமிட வீடியோவில் நான்கு தடவை.

பெரியவர்கள் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாகக் கால் விநாடி அளவுதான். அந்த வேகம் நமக்குப் பழகிவிட்டது. குழந்தை படத்தைப் பார்க்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், நாக்கையும் உதட்டையும் அதற்கேற்ப அசைக்க வேண்டும். அவனுக்கு அது பல விநாடி வேலை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். படத்தைப் பார்த்து ஒரு வரி சொல்லுங்கள்: "அட, குக்கர்!" அப்புறம் வாயை மூடிக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, அவன் முகத்தையே பார்த்தபடி மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். ஐந்து வந்ததும் பேசிவிடத் தோன்றும். பேசாதீர்கள். எனக்கு இது கைவர ஒரு வாரம் ஆனது, விரலை மடக்கித்தான் எண்ணினேன்.

எண்ணத் தொடங்கிய மூன்றாம் நாள் குக்கர் பக்கம். ஏழு வரை எண்ணியிருப்பேன். அவன் படத்தைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான், உதட்டைக் குவித்து "உஸ்ஸ்ஸ்" என்றான். அது அவனுடைய குக்கர். அதுவும் சொல்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு 'ம்மே', வண்டிக்கு 'டுர்', எல்லாமே சேர்த்திதான்.

படி 5: அவன் சொன்னதோடு கொஞ்சம் சேர்ப்பது

அவன் 'உஸ்' என்றால், "ஆமா, குக்கர் உஸ்ஸுனு விசில் அடிக்குது." அவன் 'ண்டி' என்றால், "கண்ணாடி. தாத்தா கண்ணாடி." அவ்வளவுதான். தப்பு என்று சொல்லித் திருத்த வேண்டாம், திரும்பச் சொல்லச் சொல்லவும் வேண்டாம். சரியான சொல்லை அவன் காதில் விழவைத்தால் போதும். அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிப் படம் பார்த்துப் பேசும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல் படித்துக்காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முந்தியிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் ஒரு மாதமாவது விடாமல் செய்வது என்று முடிவெடுத்தேன்.

படி 6: வீட்டில் இருப்பவர்கள்

நான் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் ஆறரைக்குத்தான் வருவேன். பகல் முழுக்க அவன் இருப்பது அத்தையோடு. அத்தைக்கு அவன் கண் போகிற திசை தெரியும். தண்ணீர்ப் பானையைப் பார்த்தாலே தம்ளர் கைக்கு வந்துவிடும். பாசம்தான். ஆனால் அவன் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. "கொஞ்சம் பொறுங்க அத்தை, அவனே கேட்கட்டும்" என்று நான் இரண்டு முறை சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவரிடம் அப்படிச் சொன்னது சரியில்லை.

பிறகு வேறு மாதிரி கேட்டேன். அவர் தினமும் அவனுக்குப் பருப்புக் கடைந்து விளையாட்டுக் காட்டுவார். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைவது, விரல் விரலாக மடக்கி அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு வைப்பது, கடைசியில் நண்டு விட்டுக் கைமேல் ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. "அத்தை, நண்டு ஊர்றதுக்கு முன்னாடி மட்டும் கையை அப்படியே நிறுத்திடுங்க. அவன் என்ன பண்றான்னு பார்ப்போம்" என்றேன். நிறுத்தினார். அவன் தன் கையைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், அக்குளை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டு "ண்டு!" என்றான். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தண்ணீருக்கும் அவரே காத்திருக்கிறார்.

வீட்டுப் பெரியவர்களிடம் முறையை விளக்கிப் பாடம் எடுக்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.

பிற்சேர்க்கை 1: பெங்களூரில் இருக்கும் ஒரு வாசகி, வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், இரண்டும் சேர்ந்து குழந்தையைக் குழப்புமா, தமிழை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். உங்களுக்குத் தடையில்லாமல் வரும் மொழியில் பேசுங்கள்.

பிற்சேர்க்கை 2: பத்து வரை எண்ணியும் குழந்தை ஒன்றும் சொல்லவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அப்போது நீங்களே பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள், வற்புறுத்த வேண்டாம். விரலை நீட்டினாலோ உங்கள் முகத்தைப் பார்த்தாலோ அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு பேசுங்கள். ஆனால் விரல் நீட்டுவதும் இல்லை, பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை என்றால் படி 1க்கு மேலே நான் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துவிட்டு, இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

பிற்சேர்க்கை 3: லேமினேட் செய்த தாள் வெளிச்சத்தில் பளபளக்கிறது, படம் தெரியவில்லை என்கிறார்கள். மேட் லேமினேஷன் கேளுங்கள். இல்லாவிட்டால் குழல்விளக்குக்கு முதுகைக் காட்டி உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். எங்கள் புத்தகத்தில் இப்போது பத்தொன்பது பக்கம். போன வாரம் அவனே ஒரு படம் கேட்டான்: "த்தா வண்டி". தாத்தாவின் சைக்கிளைத் துடைத்து வெயிலில் நிறுத்தியிருக்கிறேன், நாளை எடுக்க வேண்டும்.