கல்மணி மாலையைக் கழுவ முதல்

கொழும்புப் புறக்கோட்டையில் சரமாக வாங்கி நீங்களே கோர்த்ததோ, செட்டியார் தெருவில் வெள்ளிக் கொக்கியோடு வாங்கியதோ, முதலில் மாலையில் என்னென்ன கல் இருக்கிறது என்று பாருங்கள். ஐம்பது மணியில் ஒன்று முத்தாக இருந்தாலும் அதை முத்துமாலை என்றே நினைத்துக் கழுவ வேண்டும்.

1. கல்லின் கடினம்

கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில், குவார்ட்ஸ் வகைக் கற்களான அமெதிஸ்டும் ரோஸ் குவார்ட்ஸும் 7. மீட்டியாகொடைச் சந்திரகாந்தக்கல் 6 முதல் 6.5, ஆனால் ஓரிடத்தில் அடிபட்டால் தகடாகப் பிளக்கும். கருநீல லபிஸ் 5 அளவில். பச்சைக் கல்லான மலக்கைட், பவளம், முத்து இன்னும் மென்மை. வீட்டுத் தூசியிலும் குவார்ட்ஸ் துகள் உண்டு. அதனால்தான் மென்மையான கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பளபளப்பு மங்குகிறது. தூசியை முதலில் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள்.

2. சாயச் சோதனை

டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) என்று மலிவாகக் கிடைப்பதில் பல, நீலச் சாயமேற்றிய ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல். ஈரப் பஞ்சால் துளையோரத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் வராவிட்டால் ஒரு துளி அசெட்டோன் (நகப்பூச்சு அகற்றும் திரவம்). முத்து, பவளத்தில் இதைச் செய்யாதீர்கள். பஞ்சு நீலமானால் அந்தச் சரத்தைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

3. கழுவுதல்

குவார்ட்ஸ் வகைக்கு: இரண்டு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி, குழந்தைகளின் பல் பிரஷ். துளையைச் சுற்றி சாம்பல் வளையம் தெரியும். பவுடரும் வியர்வையும் சேர்ந்த அழுக்கு அது. அங்கேதான் பிரஷ் போக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல், வேறு கிண்ணத் தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் நூல் அறுந்தால் மணிகள் சாக்கடைக்குத்தான்.

முத்து, பவளம், மலக்கைட், லபிஸ், டர்க்காய்ஸுக்குப் பிழிந்த ஈரத்துணி போதும். தேசிக்காய், வினாகிரி, வெள்ளி மினுக்கும் திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது. முத்தும் பவளமும் கல்சியம் காபனேற்று. புளிப்புப் பட்டால் மேற்பரப்பு கரையும், போன மினுக்கம் திரும்பாது.

4. உலர்த்துதல்

துவாயில் படுக்கவைத்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள். மழைக்காலக் கொழும்பில் இரண்டு நாள் விடுங்கள்: மணி காய்ந்திருக்கும், உள்ளே நூல் காய்ந்திருக்காது. ஈர நூலைத் தொங்கவிட்டால் நீளும். வெயிலும் வேண்டாம், அமெதிஸ்டின் ஊதா வெளிறும்.

5. வைக்கும் இடம்

ஒவ்வொரு மாலைக்கும் தனித் துணிப்பை. வெள்ளிக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது. ஆனால் அதை முத்தோடு போட்டால் முத்து வறண்டு வெடிக்கலாம்.

6. நூல்

உண்மையில் மாலையைக் கெடுப்பது பெரும்பாலும் கல் அல்ல, நூல்தான். மாலையைத் தூக்கிப் பிடியுங்கள். மணிகளுக்கிடையே நூல் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. குவார்ட்ஸ் மணியின் துளை விளிம்பு கூராக இருக்கும், பட்டுநூலை அறுக்கும், அதற்கு 0.38 மி.மீ. பூச்சுக் கம்பி (நைலோன் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி). முத்துக்குப் பட்டுநூலே சரி, ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சு. கோர்க்க முதல் இரவு, நூலின் நுனியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிடுங்கள். நீள்வது அப்போதே நீண்டுவிடும்.