லினக்ஸில் பழைய மென்பொருளைப் பெரிதாக்கும்போது செய்யக்கூடாதவை

4கே திரை உள்ள மடிக்கணினியில் லினக்ஸ் போட்டவர்களின் புகார் பெரும்பாலும் இரண்டே வகை. பழைய மென்பொருள் எறும்பு சைஸில் தெரிகிறது, இல்லாவிட்டால் மங்கலாகத் தெரிகிறது. புகார் நியாயமானதுதான். ஆனால் என்னிடம் வருவதற்குள் அவர்களே ஏதோ வைத்தியம் பார்த்திருப்பார்கள். அதைப் பிரித்தெடுக்கத்தான் நேரம் போகிறது. ரெசல்யூஷனையே குறைத்து வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் கைவைப்பது

க்னோம், கேடிஇ பிளாஸ்மா என்ற இரண்டு டெஸ்க்டாப்களும் இன்று பெரும்பாலும் வேலண்டில் ஓடுகின்றன. விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறை அது; பழையது எக்ஸ்11. எக்ஸ்11-க்காக எழுதப்பட்ட மென்பொருள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாக வந்து சேர்கிறது. அதைச் சாதாரண அளவில் வரையவிட்டு, வந்த படத்தை டெஸ்க்டாப் இழுத்துப் பெரிதாக்கினால் மங்கத்தான் செய்யும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். மவுஸைப் பார்க்கும் இரண்டு கண்களைக் காட்டும் எக்ஸ்ஐஸ் (xeyes) என்ற குட்டி நிரலைத் திறந்துவிட்டு, சந்தேகமுள்ள விண்டோ மேல் மவுஸை நகர்த்துங்கள். அந்தக் கண்கள் தொடர்ந்து வந்தால் அது எக்ஸ்11.

பிளாஸ்மா 5.26-லிருந்து (2022) திரை அமைப்புகளிலேயே இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது: பழைய மென்பொருளை டெஸ்க்டாப் பெரிதாக்கட்டும், அல்லது அதுவே தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும். முதலாவதில் அளவு சரி, கூர்மை போகும். இரண்டாவதில் கூர்மை கிடைக்கும், ஆனால் ஸ்கேலிங் தெரியாத மென்பொருள் சிறிதாகவே கிடக்கும். க்னோம் 47-லும் இதே வசதி சோதனை நிலையில் வந்தது.

ஒரு மென்பொருளுக்கான மருந்தை எல்லாவற்றுக்கும் ஊட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஜிடிகே (GTK), க்யூடி (Qt) இரண்டும் மென்பொருளின் விண்டோ, பொத்தான்களை வரையும் நூலகங்கள். ஜிடிகே ஸ்கேல் (GDK_SCALE) 2, க்யூடி ஸ்கேல் ஃபேக்டர் (QT_SCALE_FACTOR) 2 என்று அவற்றுக்கான இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களை, அதாவது நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளை, யாரோ எழுதிவைத்திருப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் இவர்கள் அதை எல்லா மென்பொருளுக்கும் பொதுவான, ஈடிசி கோப்பகத்தின் என்விரான்மென்ட் கோப்பில் ஒட்டிவிடுவார்கள்.

தெரிந்தவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிளாஸ்மா, வேலண்ட், டெஸ்க்டாப் அளவு 200 சதவீதம். ஒரே ஒரு பழைய க்யூடி 5 கருவி மட்டும் சிறிதாக இருந்தது. மேற்படி வரிகளை ஒட்டினார்; ஒன்றும் மாறவில்லை. லாகின் செய்யும்போதுதான் அந்தக் கோப்பு படிக்கப்படும் என்று தெரியாமல், லாகினில் படிக்கப்படும் இன்னொரு கோப்பான ப்ரொஃபைலிலும் ஒட்டிவைத்தார். மறுநாள் அந்தக் கருவி சரியாகிவிட்டது. ஆனால் பிளாஸ்மாவின் கோப்பு மேலாளர் டால்ஃபினும் பிடிஎஃப் திறக்கும் ஆக்குலரும் திரைக்கு வெளியே வழிந்தன; இரண்டும் க்யூடி. க்யூடி இந்த எண்ணை டெஸ்க்டாப்பின் அளவோடு பெருக்கும். 2 பெருக்கல் 2, நான்கு மடங்கு.

அப்புறம் அதைச் சரிக்கட்ட டெஸ்க்டாப்பை 100 சதவீதத்துக்கு இறக்கினார். க்யூடி மென்பொருள்கள் அடங்கின, ஃபயர்ஃபாக்ஸ் சுருங்கியது. வேலண்டில் நேரடியாக ஓடும் ஜிடிகே மென்பொருள் ஜிடிகே ஸ்கேலைக் கண்டுகொள்ளாது, ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான். அதற்காக ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்பில் தனியாக ஒரு எண். பிறகு அலுவலகத்தில் 1080பி மானிட்டரைச் செருகினால், அதிலும் க்யூடி எல்லாம் இரட்டிப்பாக வந்து நின்றன. இந்த எண்ணுக்குத் திரை வித்தியாசம் தெரியாது. கடைசியில் பிளாஸ்மாவில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, வேறு டிஸ்ட்ரோவுக்கே, அதாவது வேறு லினக்ஸ் தொகுப்புக்கே, மாறக் கிளம்பிவிட்டார். எங்கெங்கே என்ன ஒட்டினார் என்பது அவருக்கே நினைவில்லை.

சரியான வழி இதைவிடச் சின்னது. டெர்மினலில் அந்த வேரியபிளை முன்னால் போட்டு, அந்த ஒரு நிரலை மட்டும் இயக்கிப் பாருங்கள். அளவு பிடித்திருந்தால், யுஎஸ்ஆர் ஷேர் அப்ளிகேஷன்ஸ் கோப்பகத்திலுள்ள அதன் டெஸ்க்டாப் கோப்பை (மெனு அதைத் திறக்கப் பயன்படுத்தும் கோப்பு) உங்கள் ஹோமுக்குள் லோக்கல் ஷேர் அப்ளிகேஷன்ஸுக்கு (~/.local/share/applications) பிரதி எடுத்து, எக்ஸெக் வரியின் தொடக்கத்தில் என்வ் கட்டளையோடு அதைச் சேருங்கள். மெனுவிலிருந்து திறந்தாலும் வேலை செய்யும், மற்ற எதையும் தொடாது. வேண்டாமென்றால் அந்தப் பிரதியை அழித்தால் போதும்.

ஜிடிகே ஸ்கேலுக்கு 1.5 கொடுப்பது

முழு எண் மட்டும்தான்.

ஜிடிகே 2-உடன் மல்லுக்கட்டுவது

ஜிடிகே 2-க்கு அந்த வேரியபிள் இருப்பதே தெரியாது. படம் திருத்தும் கிம்ப் 2.10 இந்த ரகம். ஐகான் அளவை அதன் விருப்பங்களில் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2025-ல் வந்த கிம்ப் 3 ஜிடிகே 3-க்கு மாறிவிட்டது. அதற்குப் போய்விடுங்கள்.

ஜாவா 8-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது

லினக்ஸில் ஸ்கேலிங் ஆதரவு ஜாவா 9-ல்தான் (2017) வந்தது. அந்த மென்பொருள் புதிய ஜாவாவில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஓடினால் யுஐ ஸ்கேல் (sun.java2d.uiScale) என்ற ஜாவா அமைப்பை 2 என்று கொடுக்கலாம்.

வைனுக்கு வெளியே தேடுவது

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவது வைன். அதில் ஓடுபவற்றுக்கு மேலே சொன்ன வேரியபிள்களும் ஜாவா அமைப்பும் ஏறாது. வைனின் அமைப்பு விண்டோவில் (winecfg) கிராஃபிக்ஸ் தாவலின் அடியில், ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ இருக்கிறது. 96-ஐ 192 ஆக்கினால் இரண்டு மடங்கு. மென்பொருளை மூடித் திறக்க வேண்டியிருக்கும்.