பையனுக்கு யாரும் வைக்காத பேரு வைக்கணுமா? நாங்க பட்ட பாட்டுல இருந்து ஒரு செய்முறை

எங்க பையனுக்கு ஏழு மாசம் வரைக்கும் பேரே கிடையாது. ஆஸ்பத்திரி சீட்டுல "பேபி ஆஃப்" போட்டு வொய்ஃப் பேரு, வீட்டுல குட்டி, எதிர் வீட்டு அக்காவுக்கு "இன்னாடா பேரில்லாதவனே". காசிமேட்டுல எங்க ஒரு தெருவுல மட்டும் கவின் மூணு, ஆதவ் ரெண்டு, "ஷ்"ல முடியுற பசங்க எண்ண முடியாது, அதனால புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்னு அடம் புடிச்சோம், அதுக்கு பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல. இப்ப பேரு வச்சாச்சு, திரையன். வழியில நான் விழுந்த குழில நீங்க விழாம இருக்க இது.

ஸ்டெப் 1: யாருக்கு வித்தியாசம்?

இத முதல்ல முடிவு பண்ணிடுங்க. என் சித்தப்பா பேரு லெனின். வேற ஊர்ல சொன்னா திரும்பிப் பாப்பாங்க, இங்க தொழிற்சங்கக் கொடி பறக்குற ஏரியா, நாலு வீட்டுக்கு ஒரு லெனின். தமிழ்ல, பழசா, ஆனா வாயில நுழையிற மாதிரின்னு நாங்க ஒரு கோடு போட்டுக்கிட்டோம். உங்க கோடு வேறயா இருக்கலாம், ஆனா கோடு இல்லாம தேட ஆரம்பிக்காதீங்க.

ஸ்டெப் 2: தேடுற எடம்

குழந்தைப் பேரு ஆப் எல்லாம் டெலிட் பண்ணிடுங்க. எந்தப் பேரத் தொட்டாலும் அர்த்தம் "வெற்றியாளன்" இல்லன்னா "கடவுளின் பரிசு"ன்னு இருக்கும், பாதிக்கு மேல அடிச்சு விட்டது. நான் நம்புறது மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன், 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு வால்யூமா வந்தது, இப்ப சிகாகோ யுனிவர்சிட்டி சைட்டுல ஃப்ரீயா தேடலாம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எக்செல் வேணாம், நோட்டுல அடிச்ச பேரு அடிச்ச மாதிரியே கண்ணுல படும், மறுபடி அத வச்சு சண்டை வராது.

கடையெழு வள்ளல்ல ஒண்ணு எடுப்போம்னு உக்காந்தேன். ஆய், சொல்லவே வேணாம், எல்கேஜி தாண்ட மாட்டான். நள்ளின்னு கூப்ட்டா எங்க ஏரியா வாய்ல அது நல்லி எலும்பு, பாயாக் கடையிலதான் நிக்கும். காரி, காறித் துப்புற காறி ஆயிடும். பேகன வச்சா வீகனான்னு கேப்பாங்க, மீன் வாடைல வளர்ற புள்ளைக்கு அது தேவையா. பாரி இப்ப நெறைய பேருக்கு இருக்கு. ஓரி மட்டும் தேறிச்சு, வொய்ஃபுக்கு புடிக்கல.

ஸ்டெப் 3: பெரியவங்க காதுல போடுறது

இதக் கடைசில வச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. நான் அப்படித்தான் நெனச்சேன்.

வொய்ஃப் செலக்ட் பண்ணது வழுதி. பாண்டியர் பட்டப்பேரு, சின்னது, கம்பீரம், எனக்கும் ரொம்பப் புடிச்சுது. பந்தாவா இருக்கட்டும்னு ஒரு சாயங்காலம் "உண்டால் அம்ம இவ்வுலகம்" பாட்ட வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சேன், புறநானூறு 182, பிறர்க்காக வாழுறவங்க இருக்குறதாலதான் இந்த உலகமே இருக்குன்னு வரும். அதோட நிறுத்தி இருக்கணும். பாடுனவரு பேரையும் சேத்துப் படிச்சுட்டேன்: கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி.

எங்க ஆயா மீன் கூடைய வச்சுட்டு அப்பதான் உள்ள வந்துச்சு. "இன்னாது, கடல்ல மாய்ஞ்சவன் பேரா? வாயக் கழுவு." அவ்ளோதான். எல்லா வழுதியும் கடல்ல போகல ஆயா, அது ஒரே ஒருத்தரு, மத்தவங்க எல்லாம் ராஜான்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கல. எங்க வீட்டுல கடல் எடுத்துட்டுப் போனவங்க கணக்கு ஆயாகிட்டதான் இருக்கு, அது கிட்ட இலக்கியம் பேச முடியாது. நோட்டுல அடிச்சேன்.

ஸ்டெப் 4: நட்சத்திர எழுத்து (வேணாம்னா தாண்டிப் போங்க)

எனக்கு நம்பிக்கை இல்ல, மாமனாருக்கு இருக்கு. திருவொற்றியூர்ல அவரு வீட்டுல இருக்குறது வாக்கியப் பஞ்சாங்கம், என் ஃபோன் ஆப்புல இருக்குறது திருக்கணிதம். ரெண்டுக்கும் நட்சத்திரம் முடியுற நேரம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், நம்மாளு கரெக்டா அந்த எல்லைல பொறந்தான். மாமா கணக்குல சுவாதி, என் ஆப்புல விசாகம். சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. விசாகத்துக்கு தி, து, தே, தோ.

இங்க ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. தமிழ்ச் சொல்லு ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டு வரிசைலயும் ஆரம்பிக்காது, அதனாலதான் பழைய ஆளுங்க இராமன், அரங்கன்னு முன்னாடி ஒரு எழுத்து போட்டு எழுதுனாங்க. சுத்தத் தமிழ்ப் பேரும் வேணும், "ரு"லயும் ஆரம்பிக்கணும்னா ராத்திரி பூரா தேடினாலும் கெடைக்காது, நான் தேடிப் பாத்துட்டேன். கடைசில சுவாதி நாலாம் பாதம் தா, விசாகம் முதல் பாதம் தி, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல த வரிசைதானே மாமான்னு சொல்லி சமாதானம் ஆச்சு.

அப்ப கெடச்சதுதான் திரையன். காஞ்சிபுரத்துல இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், நம்ம மெட்ராஸும் அந்தத் தொண்டை மண்டலம்தான். சோழ ராஜாவுக்கும் நாக கன்னிக்கும் பொறந்த புள்ள, தொண்டைக் கொடிய அடையாளமா கட்டி கடல்ல விட்டாங்க, திரை, அதாவது அலை, கொண்டாந்து கரை சேத்துச்சு, அதனால திரையன்னு கதை. ஆயாகிட்ட பயந்துகிட்டேதான் சொன்னேன், மறுபடி கடலாச்சே. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "கொண்டாந்து உட்ட அலைதான?"ன்னு கேட்டுச்சு. ஆமா ஆயா. "அப்ப வை."

ஸ்டெப் 5: கத்திப் பாக்குறது

மாடில இருந்து தெருவுக்கு நாலு வாட்டி கத்துங்க. தெரு என்னவா சுருக்கும்னு அப்பவே தெரிஞ்சுடும். எங்களுக்கு ரெண்டே நாள்ல "ஸ்கிரீனு" வந்துடுச்சு, கேரம் கிளப் பசங்க உபயம். பரவால்ல, நள்ளிக்கு இது தேவலாம்.

ஸ்டெப் 6: எழுதிக் குடுக்குறது. இங்கதான் நான் மாட்னேன்

பிறப்பு பதிவ ஆஸ்பத்திரிலயே பண்ணிடுவாங்க, பேர அப்புறமா சேத்துக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள சேத்தா ஃபீஸ் இல்ல, அதுக்கு மேல போனா லேட் ஃபீ. டைம் இருக்கேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, ஏன்னா 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூலு, பாஸ்போர்ட்டு, ஆதாருன்னு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதுல ஒரு எழுத்து தப்பானா மத்தது எல்லாம் அதப் பாத்து தப்பா வரும்.

நான் பண்ண தப்பு, ஃபார்ம்ல இங்கிலீஷ்ல மட்டும் எழுதிக் குடுத்தது. டி, ஹெச், ஐ, ஆர், ஏ, ஐ, ஒய், ஏ, என். அத எவ்ளோ யோசிச்சு வச்சேன் தெரியுமா, டி மட்டும் போட்டா வடக்க "டிரையன்"னு படிப்பான்னு புனேல இருக்குற ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டு படிக்கச் சொல்லி எல்லாம் டெஸ்ட் பண்ணேன். ஆனா தமிழ எழுதிக் குடுக்கல, தமிழ் பேரத் தமிழ்ல எழுதத் தெரியாதா அவங்களுக்குன்னு ஒரு நெனப்பு. வீட்டுக்கு வந்து பாத்தா "திரையான்". நடுவுல ஒரு துணைக்கால். அந்த ஒத்தக் கால எடுக்க நாலு நடை, ரெண்டு மாசம்.

அதனால ரெண்டு மொழிலயும் பெரிய எழுத்துல தனிப் பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க, கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் ஸ்கிரீனத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா விரல வச்சுப் படிங்க, பின்னாடி க்யூ முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். ஆதார் எடுக்கும்போது இன்னும் உஷார், இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் தானா வந்து உக்காரும், அது சரியா வரும்னு எந்த கேரண்டியும் இல்ல. ழ, ள, ற இருக்குற பேருன்னா ரெண்டு மடங்கு கவனம்.

அப்டேட் 1: நன்னன் எப்டின்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டாரு, நானும் சூப்பருன்னுட்டேன். இன்னொருத்தர் வந்து, ஆத்துல வந்த மாங்காயத் தின்னதுக்காக ஒரு பொண்ணக் கொன்ன ராஜா பேரும் நன்னன்தான், குறுந்தொகை 292 பாருங்கன்னாரு. பாத்தேன், ஆமா. அதே பேருல நல்ல நன்னனும் இருக்காரு, மலைபடுகடாம் பாட்டுடைத் தலைவன், அதனால வைக்கக் கூடாதுன்னு சொல்லல, தெரிஞ்சு வைங்க. பேரு லெக்சிகன்ல இருந்தா மட்டும் போதாது, எந்தப் பாட்டுல எதுக்காக வருதுன்னும் பாக்கணும்.

அப்டேட் 2: இனிஷியல் பத்தி நெறைய பேரு கேக்குறீங்க. பாஸ்போர்ட்டுல இனிஷியல விரிச்சுத்தான் எழுதணும். அப்பா பேர சர்நேம் கட்டத்துல போடுறது ஈசி. ஒத்தப் பேரோட விட்டுடாதீங்க, 2022 நவம்பர்ல இருந்து பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரா இருந்தா விசிட் விசால துபாய்க்கு விடுறது இல்ல, அமெரிக்க விசால முன்பேரு எடத்துல எஃப்என்யூன்னு (முன்பேரு தெரியலன்னு அர்த்தம்) மூணு எழுத்து வந்து உக்காந்துடும்.

அப்டேட் 3: நியூமராலஜிக்கு ஒரு "ஏ" சேக்கலாமான்னு கேட்டவருக்கு, நான் ஒரு துணைக்காலுக்கு ரெண்டு மாசம் அலைஞ்சவன், என்கிட்ட கேக்காதீங்க.

அப்டேட் 4: ஊசி போடுற அட்டைல இன்னும் "தைரியன்"னுதான் இருக்கு, காதுல விழுந்தத எழுதிட்டாங்க. ஆயாவுக்கு அது புடிச்சுப் போய் மாத்த விட மாட்டேங்குது. ஸ்கூல் அட்மிஷன்ல இதனால பிரச்சனை வருமா, யாருக்காச்சும் அனுபவம் இருந்தா சொல்லுங்கபா.