உடலைக் கயிற்றால் கட்டி விளையாட எத்தனை மீட்டர் கயிறு?

என் கணவரைக் கட்டும்போது, மார்பைச் சுற்றிய கட்டு பாதியில் நிற்கையில் கயிறு தீர்ந்துபோவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஜப்பானியப் பாணியில் கயிற்றை இரண்டாக மடித்தே சுற்றுவோம். 8 மீட்டர் கயிறு மடித்தால் 4 மீட்டர்தான். அவருக்கு அகன்ற மார்பு, ஒரு சுற்றுக்கே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். சரி, 15 மீட்டர் வாங்கலாமா? வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முடிச்சிலும் அத்தனை நீளத்தையும் இழுத்தெடுக்க வேண்டும், தோல் உரசி எரியும். 6 மில்லிமீட்டர் சணல் கயிற்றில் 8 மீட்டர் துண்டுகள் சில, மணிக்கட்டுக்கு 4 மீட்டர் ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். நுனிகளில் முடிச்சிட்டு வைத்தால், அடுத்த கயிற்றின் மடிப்பை அதன்மேல் சுருக்காகப் போட்டு அங்கேயே நீட்டிவிடலாம். அப்புறம், கத்தரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். விரல் மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடுவேன்.