கிணத்துத் தண்ணியில் கோப்பி ருசி பார்க்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒரு கோப்பிப் பையைத் தந்துவிட்டுப் போயிருப்பார். மேலே ‘எத்தியோப்பியா, யிர்காசெஃப்’ என்று கிடக்கும். அதை வழக்கம்போலப் பாலும் சீனியும் போட்டுக் குடித்துவிட்டு, “இதில என்ன பெரிசாக் கிடக்கு?” என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

யிர்காசெஃப் எத்தியோப்பியாவில் ஒரு கோப்பிப் பிரதேசம். இப்படியான கோப்பியைச் ‘சிங்கிள் ஒரிஜின்’ என்பார்கள். அதாவது ஒரே பிரதேசத்தில், சிலவேளை ஒரே தோட்டத்தில் விளைந்த கொட்டை, வேறெதுவும் கலக்காதது. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடிக்கிற எங்கட வீட்டுத் தூள் வேறு சங்கதி. அதை நான் விடப்போவதில்லை!

முதலில் இரண்டு நாட்டுக் கொட்டைகளைச் சிறிய பையாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் குடித்தால் ஒப்பிட ஒன்றுமிராது. பையில் வறுத்த திகதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. நிழல் மரங்களின் கீழ் வளர்த்ததென்று போட்டிருந்தால் அதை எடுங்கள். நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கும், மண்ணும் அரிபடாது. ஆனால் சான்றிதழ் முத்திரை வளர்த்த விதத்தைத்தான் சொல்லும், ருசிக்கு உத்தரவாதமில்லை. மலையகத்து அரபிக்கா இனக் கோப்பி கிடைத்தால் விடாதீர்கள். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டுப் பின் கோப்பித் தோட்டங்களை அழித்திராவிட்டால், அங்கே இவ்வளவு தேயிலை வந்திராது.

அடுத்தது தண்ணி. யாழ்ப்பாணத்தில் பாதிக் காரியம் இதில்தான் இருக்கிறது. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணியில் கரைந்திருக்கிற பைகாபனேற்று என்ற உப்பு கோப்பியின் புளிப்பை அடக்கிவிடும். ஆபிரிக்கக் கோப்பியின் அழகே அந்தப் புளிப்புத்தான். முதல் தடவை நான் கிணத்துத் தண்ணியில் போட்டுச் சுண்ணாம்பு நக்கினமாதிரி இருந்து, பையைத் தந்தவரை மனதுக்குள் திட்டினேன். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் வடித்தால் ஓரளவு சரிவரும். சவர்த்தண்ணியின் உப்பு அதற்குப் போகாது. அந்தப் பக்கத்து ஆட்கள் போத்தல் தண்ணியை எடுங்கள். சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணி மூன்று பங்குக்குக் கிணத்துத் தண்ணி ஒரு பங்கு கலப்பதும் நல்லது. தனி மழைத்தண்ணியில் கோப்பி சப்பென்றிருக்கும்.

இனிப் போடும் விதம். 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு 11 கிராம் தூள். தராசில்லாவிட்டால் தட்டையாக இரண்டு மேசைக்கரண்டி. ரவையைவிடச் சற்றுப் பெரிதாக அரையுங்கள். கோப்பைக்குள் போட்டு முதலில் மணந்து பாருங்கள். கொதித்த தண்ணியை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, நாலு நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே தூள் ஆடைபோலக் கட்டும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்க் கரண்டியால் உடையுங்கள். மணம் அப்போதுதான் கிளம்பும். நுரையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் அள்ளிச் சத்தம் வர உறிஞ்சுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

என்ன ருசி என்று கேட்டால், பையில் எழுதியிருக்கிற ‘பிளாக்கரன்ட்’ பழத்தை நாங்கள் எங்கே கண்டோம்? எங்கட நாக்குக்குச் சொல்கிறேன். பழச்சதையைக் கழுவி எடுத்துக் காயவைத்த யிர்காசெஃப்: தேசிக்காய்த் தோல், பின்னால் மல்லிகை. கென்யா: நாவற்பழத்தின் புளிப்பும் இனிப்பும். பிரேசில்: வறுத்த கச்சான், கொஞ்சம் கொக்கோ. சுமாத்திரா: முதல் மழை விழுந்த மண், கனமான குடிப்பு. பழத்தோடு காயவைத்ததென்றால் அதிகம் பழுத்த பலாச்சுளை மணம் வரலாம். எனக்கு அது அவ்வளவு பிடிக்காது.

ஆறின பிறகும் ஒருக்கால் குடித்துப் பாருங்கள், சூட்டில் ஒளிந்த ருசி அப்போது தெரியும். மிஞ்சின பிரேசிலுக்குப் பால் விடலாம். யிர்காசெஃபுக்கு விட்டால் பால் புளித்தமாதிரித் தெரியும்.