கிரேட் அடுக்கத் தெரிந்தால் போதும்: சமச்சீர் குலத்துக்கு முதல் படிகள்

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், பிளஸ் டூ கணக்கில் வரும் வரிசைமாற்றமும் அணிகளும். இவ்வளவு போதும். n பொருட்களை இடம் மாற்றி வைக்கும் எல்லா வரிசைமாற்றங்களும் சேர்ந்ததுதான் சமச்சீர் குலம்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பெங்களூரா நிரப்பிய கிரேட்டுகளைச் சுவரோரம் அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரேட் வைக்க இடப்பக்கம் சுவரோ கிரேட்டோ இருக்க வேண்டும். அடியில் தரையோ கிரேட்டோ இருக்க வேண்டும். எந்தக் கிரேட் எத்தனையாவதாக வந்தது என்று அதன் மேலேயே எண் எழுதினால் கிடைப்பது யங் அட்டவணை. ஆங்கிலக் கணித அறிஞர் ஆல்பிரட் யங் இதை 1900-ல் கொண்டுவந்தார். பல நூல்களில் நீளமான வரிசை மேலே இருக்கும். படம் தலைகீழாகுமே தவிர எண்ணிக்கை மாறாது.

படி 1: வடிவம். 5-ஐ 3+2 எனப் பிரியுங்கள். கீழே 3 கட்டம், மேலே 2.

படி 2: எண் நிரப்பல். 1 முதல் 5 வரை, வலப்பக்கமும் மேல்பக்கமும் ஏறுவரிசையில்:

2 4
1 3 5

கீழ்வரிசை 123, 124, 125, 134, 135 என மொத்தம் 5 வழி. கீழே 145, மேலே 23 என எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. 4-க்கு மேல் 3 நிற்கிறது. அடியில் கிரேட் வருமுன்பே மேலே வைத்தாயிற்று.

படி 3: கொக்கி நீளம். வடிவம் பெரிதானால் கையால் எண்ணி மாளாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வலப்பக்கக் கட்டங்கள், மேலுள்ள கட்டங்கள், தன்னோடு ஒன்று, இவற்றைக் கூட்டுங்கள். மாங்காய் பறிக்கும் தொரட்டி மாதிரி வளைந்த வடிவம் அது.

2 1
4 3 1

பெருக்கினால் 24. 5! ÷ 24 = 120 ÷ 24 = 5. ஃபிரேம், ராபின்சன், திரால் மூவரும் 1954-ல் தந்த சூத்திரம் இது. விடை அரை என்று வந்தால், தன் கட்டத்தை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள்.

இந்த 5 வெறும் அடுக்குக் கணக்கு அல்ல. ஐந்து பொருட்களின் 120 வரிசைமாற்றங்களையும் அணிகளாக எழுதும்போது, மேலும் சிறு அணிகளாக உடைக்க முடியாத ஒரு ரெப்ரசன்டேஷன் (அணியாக எழுதும் முறை) இந்த வடிவத்துக்கு உண்டு. அதன் பரிமாணம், அதாவது அணியின் அளவு, 5. n கட்டங்கள் கொண்ட எல்லா வடிவங்களின் பரிமாணங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் n! வர வேண்டும். n = 4 எனில் 1+9+4+9+1 = 24. வரவில்லையென்றால் ஏதோ ஒரு வடிவத்தை விட்டுவிட்டீர்கள்.

படி 4: அணியை நேரில் பார்ப்போம். தர்மபுரி பஸ்ஸில் மூவர் சீட். இடம் மாறி உட்கார 6 வழி. கூட்டுத்தொகை 0 ஆகும் மூன்றெண் திசையன்களை மட்டும் எடுங்கள்: உ = (1, −1, 0), ஊ = (0, 1, −1). முதல் இருவர் இடம் மாறினால் உ → −உ, ஊ → உ+ஊ. அணியின் மூலைவிட்டத்தில் −1, 1, கூட்டினால் 0. குறுக்குவழி: இடம் மாறாதவர் எண்ணிக்கையில் 1 கழியுங்கள். யாரும் நகராவிட்டால் 2, இருவர் மாறினால் 0, மூவரும் சுற்றினால் −1. இதுதான் 2+1 வடிவத்துக்குரிய ரெப்ரசன்டேஷன். 3×3 அணியை அப்படியே எடுத்தால் (1, 1, 1) அசையாமல் நிற்கும்; அது இன்னும் உடையக்கூடியது.

படி 5: பல்லுறுப்புக்கோவை. அதே 2+1 வடிவத்தில் இப்போது க, ச, த எழுத்துகளை, க முதலில், த கடைசியில் என்ற ஏறுவரிசை கெடாமல் நிரப்புங்கள். படுக்கை வரிசையில் ஒரே எழுத்து திரும்ப வரலாம், நெடுக்கில் கூடாது. 8 நிரப்பல் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்துகளைப் பெருக்கி, எட்டையும் கூட்டினால்:

க²ச + க²த + கச² + ச²த + கத² + சத² + 2கசத

எழுத்துகளை எப்படி மாற்றிப் போட்டாலும் கோவை மாறாது. இது ஷூர் பல்லுறுப்புக்கோவை. கசத-வின் கெழு 2. அந்த 2 படி 4-இன் பரிமாணமேதான்.

தற்செயல் இல்லை. ஆறு வரிசைமாற்றங்களில் நகராததற்கு (க+ச+த)³, இருவர் மாறும் மூன்றுக்கும் (க²+ச²+த²)(க+ச+த), சுற்றும் இரண்டுக்கும் க³+ச³+த³ எழுதுங்கள். படி 4-இன் 2, 0, −1 ஆல் பெருக்கி, ஆறையும் கூட்டி 6 ஆல் வகுங்கள்:

[(க+ச+த)³ − (க³+ச³+த³)] ÷ 3

விரித்தால் மேலே கண்ட கோவையே வரும். ஜெர்மன் கணித அறிஞர் ஃபிரோபீனியஸ் கண்ட இந்த வழிதான் இத்துறையின் உயிர்நாடி. ஒருமுறையாவது கையால் விரித்துப் பாருங்கள்.

அடுத்து 2+2 வடிவத்தை க, ச, த, ப என நான்கு எழுத்தோடு போடுங்கள். கசதப-வின் கெழு 2 வர வேண்டும். 3 வந்தால், கீழே கப, மேலே சத என்று ப-வுக்கு மேல் த-வை வைத்திருப்பீர்கள்.